ஆளுக்கொரு பத்தி!

ஓசூர் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவது சாதாரணம். இவர்கள் அத்தனை பேருக்கும் பொதுவான அந்நிய மொழி, ஆங்கிலம்.

ஆசிரியர் ஒரு வரி வாசிக்க, வகுப்பே கோரஸாகத் திருப்பிச் சொல்லும். அந்தச் சத்தத்தில், எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையின் மௌனம் யாருக்கும் கேட்காது. வளர்ந்து சிப்காட் ஆலைக்கு வேலைக்குப் போய், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்க முடியாமல் நிற்கும்போதுதான் அந்தக் குறை வெளியே வரும்.

பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைப்பது நமக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் அப்படித்தான் நடந்தது. மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலி பள்ளிதான் அதற்கு முன்மாதிரி.

ஆனால், வட்டமாக உட்கார்ந்தால் மட்டும் போதுமா? கெட்டிக்காரப் பிள்ளை படிக்கும். மற்ற பிள்ளைகள் தலையாட்டுவார்கள். இதற்கு ஒரு வழி கண்டவர், அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன். 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையின, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு, மோதல்கள் வெடித்த நேரம். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவர் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகாது. இதற்கு 'ஜிக்சா' முறை என்று பெயர்.

ஆங்கில வாசிப்புக்கும் இது பொருந்தும். குழுவுக்கு நான்கு பேர். பாடத்தில் நான்கு பத்திகள். முதல் பத்தி கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் வந்து ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பழக வேண்டும். மற்ற பத்திக்காரர்களும் அப்படியே. புரியாததைத் தாய்மொழியில் கேட்டுக்கொள்ளலாம். பிறகு தன் குழுவுக்குத் திரும்பி வாசித்து, அர்த்தம் சொல்ல வேண்டும். தடுமாறும் பிள்ளைக்குச் சின்னப் பத்தி கொடுக்கலாம். பத்தியே இல்லாமல் மட்டும் விடக் கூடாது. கடைசியில் ஆசிரியர் யாரை வேண்டுமானாலும், எந்தப் பத்தியிலிருந்தும் கேள்வி கேட்கலாம்.

லைன் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் மாலையில் கூடும் பிள்ளைகளுக்குப் பெற்றோரே இதைச் செய்துபார்க்கலாம். நாலு பிள்ளைகள், ஒரு கதைப் புத்தகம், அரை மணி நேரம் போதும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. 'உன் பத்தியில என்ன நடந்துச்சு?' என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டால், அந்தப் பிள்ளை படித்தே ஆக வேண்டும்!