பொத்தானுக்கு முன் பென்சில்

சாதாரண வரைபடத் தாளில் ஒரு புள்ளியைக் குறிக்க, வலப்பக்கம் இத்தனை கட்டம், மேலே இத்தனை கட்டம் என்று எண்ணினால் போதும். துருவ முறை வேறு விதமானது. நடுப்புள்ளியில் நின்று ஒரு கோணத்துக்குத் திரும்ப வேண்டும்; பிறகு அந்தத் திசையில் குறிப்பிட்ட தொலைவு செல்ல வேண்டும். கோணத்திற்கேற்பத் தொலைவும் மாறுவதால் இதயம், சுருள், பூ எனப் பல வடிவங்கள் கிடைக்கின்றன.

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் கூடுதல் உயர்கணிதம் எடுப்போர் இதைக் கற்கின்றனர். வரைபடக் கணிப்பானும் அவர்கள் கையில் உண்டு. சமன்பாட்டைத் தட்டினால் நொடியில் படம் வந்துவிடும். அதைப் பார்த்து வரைந்தாலே பாடம் புரிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. முதல் சில வளைவுகளையாவது மாணவர்கள் கையால் வரைந்தே ஆக வேண்டும்.

கோணத்தை மூன்றால் பெருக்கி, அதன் கோசைனை நான்கால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 0 பாகையில் தொலைவு 4. 20 பாகையில் 2. 30 பாகையில் 0. இதுவரை சிக்கல் இல்லை. 40 பாகையில் விடை எதிர்மறை 2! பென்சில் பிடித்த கை இங்கே சற்று நிற்கும். 40 பாகையை நோக்கி நின்றபடியே, முதுகுப்பக்கமாக 2 அலகு நகர வேண்டும். புள்ளி எதிர்த்திசையில் விழும். இப்படியே தொடர்ந்தால் 180 பாகைக்குள் மூன்று இதழ்களும் முடிந்துவிடும். அதன்பின் 360 பாகை வரை பென்சில் பழைய கோட்டின் மீதே மறுபடியும் ஓடும்.

திரையில் தோன்றும் பூ இதைச் சொல்வதில்லை. அதனால்தான் பரப்பளவு காணும்போது சிலர் 0 முதல் 360 வரை தொகையிட்டு, உண்மை அளவைப்போல் இரு மடங்கை விடையாக எழுதிவிடுகின்றனர். படம் சரி, விடை தவறு. மூன்றால் பெருக்குவதற்குப் பதிலாகக் கோணத்தை இரண்டால் பெருக்கினாலோ நான்கு இதழ்கள் வரும்; அவை முடிய முழுச் சுற்றும் தேவைப்படும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். பத்துப் பாகைக்கு ஒன்றாக 180 வரை கணக்கிட்டால் பத்தொன்பது புள்ளிகள்தான். ஒரு பாடவேளை போதும்.

கணிப்பானை ஒதுக்க வேண்டியதில்லை. கையால் வரைந்த பிறகு அதே வளைவைத் திரைக்குக் கொண்டுவந்து, கோணத்தின் எல்லையை 60, 120, 180 என்று கூட்டிப் பார்க்கலாம். எந்த இதழ் எப்போது வளர்கிறது என்பது தெரியும். 180-ஐத் தாண்டினால் திரையில் எதுவும் மாறாது. ஏன் என்று பென்சிலால் வரைந்தவர் சொல்லிவிடுவார்.