காற்றில் பேசும் உரிமை: மும்பையும் சிட்டிசன்ஸ் பேண்டு ஏக்கமும்

சிட்டிசன்ஸ் பேண்டு வானொலியைப் பற்றிய ஏக்கம் இந்தியர்களுக்குப் பெரிதும் இரவல் ஏக்கமே. அதன் நினைவுகள் அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு உரியவை. 1958இல் அங்கு 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடியின்போது, எரிபொருள் கிடைக்கும் இடத்தையும் காவலர் நிற்கும் இடத்தையும் சரக்குந்து ஓட்டுநர்கள் அதன்வழியே பகிர்ந்துகொண்டனர். பெருகிய கூட்டத்திற்கு இடம் கொடுக்க, 1977இல் 23 தடங்கள் 40 ஆக்கப்பட்டன. பிரிட்டனில் மக்கள் சட்டத்தை மீறிப் பேசிப் பேசியே 1981இல் அனுமதியைப் பெற்றனர்.

இந்தியாவின் கதை வேறு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அலைவரிசையை அரசின் உடைமையாகவே கருதின. 1980கள் வரை, வானொலிப் பெட்டியை வைத்துக் கேட்பதற்கே அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. கேட்பதற்கே இந்நிலை என்றால், பேசுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 வாட் வரையிலான கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற விதி 2005இல்தான் வந்தது. அதற்குள் செல்பேசி கைக்கு வந்துவிட்டது. கதவு திறந்தபோது வாசலில் எவரும் இல்லை. ஆகவே தாராவியிலோ செம்பூரிலோ சிட்டிசன்ஸ் பேண்டு நினைவுகளைத் தேடுவது வீண்வேலை.

ஆனால் மும்பைக்குச் சொந்தமான வானொலி நினைவு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அமெச்சூர் வானொலியாளர்கள் தம் ஒலிபரப்புக் கருவிகளை ஒப்படைக்குமாறு ஆங்கிலேய அரசு ஆணையிட்டது. 1942 ஆகஸ்டில் தலைவர்கள் பலரும் சிறைப்பட்ட பின்னர், பம்பாயிலிருந்து 'காங்கிரஸ் ரேடியோ' என்னும் தலைமறைவு நிலையம் ஒலித்தது. முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் 22 வயது மாணவி உஷா மேத்தா. ஒலிபரப்புக் கருவியை அமைக்க உதவியவர் நரிமன் பிரிண்டர் என்னும் அமெச்சூர் வானொலியாளர். காவல்துறைக்குத் தப்ப இடம் மாற்றி மாற்றி இயங்கிய அந்நிலையம் நவம்பர் 12 அன்று பிடிபட்டது. சிறை மீண்ட உஷா மேத்தா பின்னாளில் மும்பையில் அரசியல் பேராசிரியரானார். பொழுதுபோக்காகக் கற்ற தொழில்நுட்ப அறிவு, நெருக்கடியில் ஒரு சமூகத்தின் குரலாக மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

செல்பேசி இருக்க இது எதற்கு என்னும் கேள்வி நியாயமானது. செல்பேசி கோபுரத்தையும் மின்சாரத்தையும் நிறுவனத்தையும் சார்ந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நகரின் பல பகுதிகளில் தொலைபேசிகள் ஊமையாயின. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாதும் அவருடைய குழுவினரும் அமெச்சூர் வானொலியைக் கொண்டே வெளியுலகுடன் தொடர்பை மீட்டனர். இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி அஞ்சுவோரும் உளர். உண்மையில் அமெச்சூர் வானொலியில் முகமூடிக்கு இடமில்லை. தேர்வெழுதி உரிமம் பெற்றவர் ஒவ்வொரு உரையாடலிலும் தம் அழைப்புக் குறியைச் சொல்லியாக வேண்டும். சமூக ஊடகங்களில் இல்லாத பொறுப்பு இது.

இப்பழக்கத்தை உயிரோடு வைப்பதற்கு ஏக்கம் போதாது, இடம் வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதற்குரிய அரை அலை ஆன்டெனாவுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் கம்பி தேவை. தாராவியின் ஓர் அறை வீட்டில் அது நடவாது. மாட்டுங்காவின் அடுக்ககச் சங்கங்களும் மொட்டைமாடியில் கம்பி கட்ட எளிதில் இசைவதில்லை. ஆனால் 144 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பட்டைக்குரிய கால் அலை ஆன்டெனா அரை மீட்டர்தான். சன்னல் விளிம்பே போதும். வரையறுக்கப்பட்ட நிலை உரிமத்திற்கு மோர்ஸ் தேர்வும் இல்லை. 12 வயது நிரம்பியவர் எழுதலாம்.

எனவே முதற்கடமை கல்லூரிகளுடையது. 1887இல் நிறுவப்பட்டு, பொறியியல் கற்பிக்கும் வி.ஜே.டி.ஐ. மாட்டுங்காவில்தான் இருக்கிறது, அங்கிருந்து தாராவி நடக்கும் தொலைவு. அத்தகைய வளாகங்களின் கூரையில் எழும் ஓர் ஆன்டெனா, அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியதாக வேண்டும். உரிமத் தேர்வுக்குத் தமிழிலும் மராத்தியிலும் எளிய கையேடுகள் எழுதப்பட வேண்டும். பேசக் கற்றவர் இல்லாத நகரில் அலைவரிசையைத் திறந்துவிட்டும் பயனில்லை என்பதே 2005ஆம் ஆண்டு விதி கற்பித்த பாடம்.