தன் ஜனங்களைப் பற்றி எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாதா?

தன் சொந்த ஜனங்களைப் பற்றி ஒருவர் ஆராய்ச்சி செய்து எழுதினால் அதை நம்பலாமா? "அவர் அவங்க ஆளு, அப்படித்தான் எழுதுவார்" என்று ஒதுக்கிவிடுவது நமக்கெல்லாம் சுலபமாக வருகிறது. முப்பது வருடங்களுக்கு மேல் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரு கணக்கை யார் எடுத்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால், எப்படி எடுத்தார்கள் என்று கேள் என்பேன் மாணவர்களிடம். அந்தப் பழக்கத்தில், ஒரு அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியரின் வாழ்க்கையை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அவர் பெயர் ஜூலியன் சமோரா. 1920-இல் கொலராடோ மாநிலத்தின் தென்பகுதியில், பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் மெக்சிகோவைச் சேர்ந்திருந்தது. போர் முடிந்து 1848-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி மெக்சிகோவின் வடக்கே பெரும்பரப்பு அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே வேறொரு தேசத்துக்குள் வந்துவிட்டார்கள். குடியுரிமை தாளில் கிடைத்தது. மரியாதை கிடைக்கவில்லை.

மெக்சிகர்களுக்கும் செவ்விந்தியர்களுக்கும் நாய்களுக்கும் அனுமதி இல்லை என்ற பலகையைப் பூங்காவில் பார்த்து வளர்ந்ததாக சமோரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். மாணவப் பருவத்தில் ஒரு தேர்தலில் நின்று ஒரே ஒரு ஓட்டில் தோற்றாராம். கூடவே அறையில் தங்கியிருந்த நண்பன், ஒரு மெக்சிகனுக்கு ஓட்டுப் போட முடியாது என்று எதிராகப் போட்டிருக்கிறான். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த வலி தெரிந்த மனிதர் 1953-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியலிலும் மானுடவியலிலும் முனைவர் பட்டம் பெற்றார். அந்தத் துறையில் முனைவரான முதல் மெக்சிக அமெரிக்கர் இவர்தான் என்று சொல்கிறார்கள்.

ஆரம்பத்தில் அவர் செய்த வேலைகளில் ஒன்று நம் வயதுக்காரர்களுக்கு உடனே புரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சாதாரணமாகப் பேசும் வார்த்தைகள் நோயாளிகளுக்கு எவ்வளவு தூரம் புரிகின்றன என்று, வார்த்தை வார்த்தையாகக் கேட்டுச் சோதித்தார். 1961-இல் இரண்டு பேரோடு சேர்ந்து அந்தக் கட்டுரையை வெளியிட்டார். டாக்டர் "பயாப்சி" என்கிறார், நாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து மருமகளிடம் அர்த்தம் கேட்கிறோம். இந்தத் தலையாட்டலை அறுபது வருடத்துக்கு முன்பே ஒருவர் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்திருக்கிறார். மொழி புரியாமல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜனங்களை அவர் பார்த்திருந்தார். அதனால்தான் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது என்று நினைக்கிறேன்.

1959-இல் இந்தியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1985-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அந்நாளில் அமெரிக்காவில் இனப் பிரச்சினை என்றால் கறுப்பர், வெள்ளையர் என்ற இரண்டே பேச்சுத்தான். மெக்சிக அமெரிக்கர்களைப் பற்றி அவர் 1966-இல் தொகுத்த நூலின் தலைப்பிலேயே 'மறக்கப்பட்ட அமெரிக்கர்கள்' என்று வைத்தார். கணக்கெடுப்பும் அப்படித்தான் இருந்தது. 1930 சென்சஸில் 'மெக்சிகன்' என்று ஓர் இனத்தையே சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் 1940-இல் எடுத்துவிட்டார்கள். ஸ்பானிய வம்சாவளியா என்ற கேள்வியை எல்லா வீடுகளிலும் கேட்டது 1980-இல்தான். ஒரு ஜனத்தொகைக்குக் கட்டம் போடுவதா அழிப்பதா என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லையைப் பற்றி அவர் எழுதியதற்கு வருகிறேன். 1942 முதல் 1964 வரை, அமெரிக்கப் பண்ணைகளுக்கு ஆள் வேண்டும் என்று இரு அரசுகளும் பேசி, மெக்சிகோவிலிருந்து கூலியாட்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தன. 'பிரசேரோ' திட்டம் என்று பெயர். மொத்தம் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். ஒரே ஆள் பலமுறை போய் வந்ததும் அதில் அடக்கம். 1964 முடிவில் திட்டத்தை நிறுத்தினார்கள். வயலில் வேலை நிற்கவில்லை. நேற்றுவரை கூப்பிட்டு வேலை கொடுத்த அதே ஆள், அதே தோட்டத்துக்கு மறுபடி வந்தபோது சட்டவிரோதி ஆனான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1952-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தில், அனுமதியில்லாமல் வந்தவனுக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்று எழுதிவிட்டு, வேலை கொடுப்பது மட்டும் அடைக்கலத்தில் சேராது என்று ஒரு விலக்கு வைத்தார்கள். வேலை செய்தவன் மாட்டிக்கொள்வான், வேலை கொடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை. தெரிந்தே வேலை கொடுப்பதைக் குற்றமாக்க 1986 வரை ஆயிற்று.

ரியோ கிராண்டே ஆற்றை நீந்திக் கடந்து வருகிறவர்களை 'முதுகு நனைந்தவன்' என்று இழிவாகச் சொல்வது வழக்கம். அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து சமோரா 1971-இல் புத்தகம் எழுதினார். அதற்காக அவருடைய மாணவர் ஹோர்கே புஸ்தமாந்தே, அனுமதியில்லாத கூலியாள் போலவே வேஷம் போட்டு ஆற்றைக் கடந்தார். எல்லைக் காவலர்களிடம் பிடிபட்டு, மற்றவர்களில் ஒருவராக நடத்தப்பட்டார். அந்த அனுபவம் புத்தகத்தில் ஓர் அத்தியாயம். நான்கு சுவருக்குள் உட்கார்ந்து படிவத்தைக் கூட்டிக் கழிக்கும் என்னைப் போன்ற ஆளுக்கு இது கிடைக்காத தகவல். அந்த மாணவர் பிற்பாடு திஹுவானாவில் எல்லை ஆய்வுக்கென்றே ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்.

இப்போது ஆட்சேபத்துக்கு வருவோம். 1968-இல் தம் மக்களின் உரிமைக்காக ஓர் அமைப்பை ஏற்படுத்தியவர்களில் சமோராவும் ஒருவர். சங்கம் நடத்துகிறவர் எப்படி நடுநிலையாக எழுதுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதை எல்லாரிடமும் கேட்க வேண்டும் அல்லவா?

டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற காவல் படையைப் பற்றி வால்டர் பிரெஸ்காட் வெப் என்ற சரித்திர ஆசிரியர் 1935-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் அவர்கள் வீர புருஷர்கள். வெப் டெக்சஸில் பிறந்து வளர்ந்தவர், டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்தப் புத்தகம் பல்லாண்டுகள் ஆதார நூலாகவே மதிக்கப்பட்டது. 1918 ஜனவரியில் போர்வெனிர் என்ற எல்லைக் கிராமத்தில், ரேஞ்சர்களும் அவர்களோடு வந்தவர்களும் மெக்சிக வம்சாவளி ஆண்களும் சிறுவர்களுமாக 15 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1919-இல் மாநிலச் சட்டமன்றமே ரேஞ்சர்கள் மீது விசாரணை நடத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் சாட்சியம் பதிவு செய்தது. 1979-இல் சமோரா இரண்டு பேரோடு சேர்ந்து ரேஞ்சர்களை மறுமதிப்பீடு செய்து எழுதியபோதுதான் அது ஒருதலைப்பட்சம் என்ற குரல் எழுந்தது. புகழ்ந்து எழுதியவர் சரித்திர ஆசிரியர், அடி வாங்கிய பக்கத்திலிருந்து எழுதியவர் மட்டும் வக்கீலா?

சமோராவின் புத்தகத்தில் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளிருந்து எழுதுகிறவருக்கு ஒரு ஆபத்தும் உண்டு. சொந்த ஜனங்களின் குறையை மூடி மறைக்கத் தோன்றும், உறவுக்காரர்களின் முகத்தாட்சண்யம் தடுக்கும். வெளியிலிருந்து எழுதுகிறவருக்கு வேறு ஆபத்து. என்ன கேட்க வேண்டும் என்பதே தெரியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தகவலை எப்படித் திரட்டினாய் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும். அதில் தேறினால் ஆராய்ச்சி, தேறாவிட்டால் இல்லை. எழுதியவரின் குலம் கோத்திரத்தைப் பார்த்து மார்க் போடுவது ஆசிரியர் வேலை அல்ல.

மெக்சிகர் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1920, 1930, 1940 ஆகிய மூன்று அமெரிக்க சென்சஸ்களில் இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு இனம் என்ற இடத்தில் போட்ட பெயர் 'இந்து'. போனவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள் என்பது வேறு விஷயம். அந்தச் சீக்கியர்களில் ஒருவரான பகத் சிங் திண்ட், அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்தவர். அவர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதெல்லாம் பழைய கதை என்றால், 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களை விலங்கிட்டுக் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். பிள்ளைகளைப் பார்க்க டெக்சஸ் போய், கூரை வேயும் மெக்சிகர்களைக் காட்டி "இவங்கல்லாம் திருட்டுத்தனமா வந்தவங்க" என்று பேசும் நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் வளரும் என் பேத்தி, சமூகவியல் படித்து அங்கே குடியேறிய நம்மவர்களைப் பற்றியே ஆய்வு செய்யப் போகிறேன் என்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் மனக்குறை. கம்ப்யூட்டர் படிக்காமல் இது என்ன, நம்மைப் பற்றி நாமே எழுதினால் யார் மதிப்பார்கள் என்று என் மகன் கேட்கிறான். அவனுக்கு என் பதில் இதுதான்.

நோட்டர் டேமில் சமோரா 1971 முதல் நடத்திய மேற்படிப்புத் திட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பல துறைகளில் படித்து வெளியே வந்தார்கள். அவருக்கு முன்னால் அந்த வழியில் போன ஒரு மெக்சிக அமெரிக்கரைக்கூட அவரால் காட்டியிருக்க முடியாது. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1989-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் தன் ஆய்வு நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தது. 1996-இல் அவர் காலமானார். நிலையம் அவருக்குப் பின்னும் நடந்துவருகிறது.

நம்மைப் பற்றி நாம் எழுதாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுதுவார்கள், கட்டமும் போடுவார்கள். என்ன பெயர் போட்டு என்பதுதான் கேள்வி. பேத்திக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. நம்மவர்களில் பண்ணையார் போல நடந்துகொள்கிறவர்கள் இருந்தால், அவர்களையும் விடாமல் எழுத வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால், படிப்புச் செலவில் என் பென்ஷனிலிருந்து ஒரு பங்கு கொடுக்க நான் தயார்.