அந்தப் பூட்டைக் கழற்றுங்கள்

'நானா' மங்காவில் ரென் கழுத்தில் தொங்கும் பூட்டை ப்ரொஃபைல் படமாக வைத்துக்கொண்டு "இதுதான்டா காதல்" என்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கு.

அது சிட் விஷியஸ் கழுத்தில் கிடந்த பூட்டு. 1978 அக்டோபரில், நியூயார்க்கின் செல்சீ ஹோட்டல் குளியலறையில் அவருடைய காதலி நான்சி கத்திக்குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தாள். வயசு 20. நாலு மாசம்கூட ஆகவில்லை, சிட்டும் ஹெராயினில் போய்ச் சேர்ந்தார். வயசு 21. அய் யாசவா இதெல்லாம் தெரியாமலா அந்தப் பூட்டை வரைந்திருப்பார்?

சாவி நானாவிடம்தான் இருக்கு. என்ன பிரயோஜனம்? ரென் போதையில் கரைந்து, கடைசியில் கார் விபத்தில் சாகிறான். நீங்கள் அதற்கு ஒரு சோகப்பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போடுகிறீர்கள்.

ஒழுக்க வகுப்பு எடுக்காதே என்பீர்கள். எடுக்கவில்லை. இருபது வயசில் கிடாரோடு டோக்கியோவுக்கு ரயிலேறி, வாடகைக்கு அல்லாடி, மேடையேறிக் கத்துகிறாளே நானா, அந்த பங்க் எனக்கும் உயிர். ஆனால் இந்தக் கதையைப் பெரும்பாலும் சொல்வது ரென்னும் இல்லை, நானாவும் இல்லை. நீங்கள் 'லூசு' என்று கிண்டலடிக்கும் ஹாச்சி. பங்க் வாசனையே இல்லாதவள். எல்லாம் முடிந்து வருஷங்கள் கழித்து, காணாமல்போன தோழியை நினைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அழிகிறவர்களின் ஸ்டைலை ரசிக்க ஆயிரம் பேர். மிச்சமிருக்கிறவளின் குரலில்தான் யாசவா கதையின் பெரும்பகுதியை வைத்தார். 2009-ல் அவர் உடல்நிலை கெட்டு, தொடர் 21 தொகுதிகளோடு நின்றுபோனது. ஹாச்சி இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கா.