ரெண்டு கதவு டிப்போ

வாரத்துல அஞ்சு நாள் ஆப்பிசுல ஆணி புடுங்குறவன் சனிக்கிழமையாவது சும்மா இருக்கணுமில்லையா? நான் அன்னிக்கும் ஆணியைத் தேடித்தான் அலையறேன். இது நிஜ ஆணி மக்களே. தண்டவாளத்துக்குக் கீழ போடுற மரக்கட்டை எத்தனை வருஷம் தாங்குதுன்னு கணக்கு வெக்கறதுக்காக, அமெரிக்க ரயில் கம்பெனிகள் தலையில ரெண்டு இலக்கம் பொறிச்ச ஆணியை அந்தக் கட்டைகள்ல அடிச்சு வெச்சாங்க. 29-னு இருந்தா 1929-ல போட்ட கட்டை. பழைய சாமான் சந்தையில நாலு டாலர் குடுத்து ஒரு ஆணி வாங்கிட்டு வந்தப்போ தங்கமணி பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை... அதையெல்லாம் எழுத்துல கொண்டு வர முடியாது.

நான் இருக்கறது அட்லாண்டா பக்கம். இந்த ஊரே ரயில் போட்ட பிச்சைதான். 1837-ல ஒரு ரயில்பாதை முடியற இடம்னு முளையடிச்ச பொட்டல் காடு இது. அப்போ வழங்கின பேரே 'டெர்மினஸ்'. ஊரை விட்டு வெளிய எந்தத் திசையில கார் ஓட்டினாலும் அரை மணிக்கொரு சின்ன ஊர் வரும். ஊருக்கொரு பழைய ஸ்டேஷன் இருக்கும், இவங்க பாஷையில டிப்போ. ஆனா முக்காவாசி இடத்துல ரயில் நிக்கறதில்லை. கட்டிடம் பாங்க்கா, நூலகமா, சலூனா மாறியிருக்கும். சில இடத்துல தண்டவாளமே கிடையாது, நடைபாதைதான்.

அப்புறம் எப்படி இதுதான் டிப்போன்னு கண்டுபிடிக்கறது? கூரையோட இறவாணம் சுவரைத் தாண்டி நாலு முழம் நீட்டிக்கிட்டு, மரத்தாங்கி குடுத்து நிக்கும். ஆளும் மூட்டையும் மழையில நனையக்கூடாதே. ஒரு கோடியில ஆளுயரத்துக்கு மேல அகலமான சரக்குக் கதவு இருக்கும், அந்தப் பக்கத் தரை சரக்கு வண்டி உயரத்துக்குத் தூக்கியிருக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம், தண்டவாளப் பக்கம் சுவரை விட்டு வெளிய துருத்திக்கிட்டு நிக்கற ஜன்னல். ஏஜெண்ட் தந்தி மேசையில உக்கார்ந்தபடியே ரெண்டு பக்கமும் பாதையைப் பார்க்கணும்ங்கறதுக்காக வெச்சது. தந்தியில வர்ற உத்தரவை அங்கேயே எழுதி, ஓடற ரயிலுக்கு ஒரு வளையத்துல மாட்டி நீட்டுவாராம். நம்மூர் ஒத்தைப் பாதையில டோக்கன் வளையம் குடுப்பாங்களே, பார்க்க அந்த மாதிரிதான், ஆனா இதுல போறது காகிதம். அதுலயும் ரெண்டு வகை. 19-ஆம் நம்பர் படிவத்தை ஓட்டத்துலயே குடுத்துடலாம். 31-ன்னா வண்டி நின்னு கையெழுத்து போட்டாகணும்.

கம்பெனிகள் ஒரே வரைபடத்தை வெச்சு ஊர் ஊரா கட்டித் தள்ளியிருக்காங்க. நம்ம பொழப்பு பாஷையில சொன்னா க்ளாஸ் ஒண்ணு, ஆப்ஜெக்ட் பல :-) ரெண்டு ஊரைப் பார்த்துட்டா மூணாவது ஊர்ல கண்ணை மூடிக்கிட்டு ஏஜெண்ட் அறையைக் காட்டிடலாம்.

இந்தத் திமிரோடதான் தெற்கு ஜார்ஜியாவுல ஒரு ஊர்ல, டிப்போவா இருந்து ஓட்டலான ஒரு இடத்துக்குச் சாப்பிடப் போனேன். சுவரெல்லாம் லாந்தர், பூட்டு, பழைய அட்டவணை. ஒரு லாந்தர் மூடியில கிரேட் நார்தர்ன் கம்பெனி முத்திரை. அது செயிண்ட் பால்ல இருந்து சியாட்டிலுக்கு ஓடின ரயில். ஜார்ஜியா பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சரி, அழகுக்கு வெச்சிருக்காங்கன்னு விட்டுட்டேன். ஆனா கட்டிடக் கணக்கு இடிச்சுது. ஏஜெண்ட் அறை நடுவுல இருக்கு. அதுக்கு ஒரு பக்கம் பெரிய கூடம். இன்னொரு பக்கம், சரக்கு அறையை ஒட்டி, அதுல பாதிகூட இல்லாத ஒரு அறை. கழிப்பறையும் சாமான் அறையுமா தடுத்திருக்காங்க. அதோட வெளிக்கதவைச் செங்கல் வெச்சு அடைச்சிருந்தது, செங்கல் நிறம் காட்டிக்குடுத்துடுச்சு.

நான் அதைப் போட்டோ எடுக்கறதைப் பார்த்துட்டு, எண்பதை நெருங்கற ஒரு கறுப்பினப் பெரியவர் தானா வந்து பேசினார். சின்ன வயசுல அவங்கம்மா அவரைக் கூட்டிக்கிட்டு வந்தது அந்தக் கதவு வழியாத்தானாம். அந்தப் பக்க ஜன்னல்ல கூட்டமெல்லாம் தீர்ந்தப்புறம்தான் ஏஜெண்ட் இந்தப் பக்கம் திரும்புவார்னு சொன்னார். கோபமாச் சொல்லலை, பஸ் நேரம் சொல்ற மாதிரி சொன்னார்.

ஜார்ஜியாவுல ரயில் பெட்டியை நிறத்தால பிரிக்கற சட்டம் வந்தது 1891-ல. லூசியானாவுல அதே மாதிரி சட்டத்தை எதிர்த்து, ரயில் பெட்டியில உக்கார்ந்து கைதான ஹோமர் பிளெஸ்ஸியோட வழக்குலதான், பிரிச்சு வெச்சாலும் சமம்தான்னு 1896-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மாநிலம் விட்டு மாநிலம் போற பயணிகளை ரயில்லயும் காத்திருப்பு அறையிலயும் பிரிக்கக்கூடாதுன்னு மத்திய ஆணையம் உத்தரவு போட 1955 ஆச்சு. நடைமுறைக்கு வர இன்னும் சில வருஷம் இழுத்தாங்க. ரெட்டை டம்ளர் டீக்கடை இருந்த மாவட்டத்துல பொறந்தவனுக்கு இதை யாரும் தனியா விளக்க வேண்டியதில்லை.

இங்கதான் இந்த ரயில் சாமான் பொழுதுபோக்கு மேல எனக்கு ஒரு மனத்தாங்கல். சேகரிக்கறவங்களை நான் திட்டலை, நானும் அந்தக் கோஷ்டிதானே. அவங்க இல்லைன்னா பாதி லாந்தர் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். கட்டிடங்களைக் காப்பாத்தினதுலயும் இவங்க பங்கு பெருசு. ஆனா எந்த ஊர், எந்த ஸ்டேஷன், யார் கையில இருந்து வந்ததுன்னு தெரியாத சாமான் என்னத்தைச் சொல்லும்? நான் முதல் முதல்ல ஈபேல வாங்கின பித்தளை ரயில் பூட்டை உரசிப் பார்த்தா, உள்ள 'மேட் இன் இந்தியா'. கடல் தாண்டி வந்து நம்மூர்ப் பூட்டையே நாப்பது டாலருக்கு வாங்கியிருக்கேன், சொந்தச் செலவுல சூனியம். அதுக்கப்புறம்தான் கத்துக்கிட்டேன். அசல் சாவின்னா கம்பெனி எழுத்தை உளி வெச்சு அடிச்ச மாதிரி உலோகத்துக்குள்ள இறங்கியிருக்கும், ஓரமெல்லாம் கைபட்டுத் தேய்ஞ்சிருக்கும்.

பூட்டுல ஏமாந்தா நாப்பது டாலரோட போச்சு. அதே சந்தையில 'கறுப்பர் காத்திருப்பு அறை'ன்னு தகரப் பலகையும் விக்கறாங்க. பலது நேத்து அடிச்சு, செயற்கையாத் துரு ஏத்தினது. அலங்காரத்துக்குன்னு அதை வாங்கி மாட்டறதுக்கும் ஆள் இருக்கு. இன்னொரு பக்கம், அந்த அறையே நிஜமா இருந்த கட்டிடத்துல அதோட கதவை அடைச்சு, மேல வேற எங்கேயோ ஓடின ரயிலோட லாந்தரைத் தொங்கவிடறாங்க. போலியை மாட்டிக்கிட்டு அசலைப் பூசி மறைக்கறது என்ன ரசனை? டிப்போவைப் புதுப்பிக்கறவங்க எந்த அறை யாருக்குன்னு ஒரு சின்னப் பலகை வெச்சா சாப்பிட வர்றவங்களுக்கு அஜீரணம் ஆகிடாது. இப்படி எங்கயும் செய்யலைன்னு சொல்ல வரலை, செஞ்ச இடமும் இருக்கு. ஆனா செங்கல் வெச்சு அடைச்சதைத்தான் நான் அதிகமாப் பார்த்திருக்கேன்.

ஓட்டல்காரர்கிட்ட நாப்கின்ல படம் வரைஞ்சே காட்டினேன். "அது எப்பவும் ஸ்டோர் ரூம்தான்"னார். பக்கத்துல நின்ன பெரியவர் ஒண்ணும் சொல்லலை, தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். அந்தப் படத்தை அளவோட திருத்தி, போட்டோவோட அந்த ஊர் நூலகத்துக்கு அனுப்பியிருக்கேன். டிக்கெட் ஜன்னல் அடையாளம் உள்சுவர்ல தெரியுதான்னு கேட்டு எழுதியிருக்காங்க. சாமான் அறைக்குள்ள விடுவாங்களான்னு வர்ற சனிக்கிழமை போய்க் கேக்கணும். பெரியவர் வந்தா அவரையும் பார்க்கணும், பேர் கேக்க மறந்துட்டேன்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் தண்டவாளத்துல இறங்கி ஆணி புடுங்கிடாதீங்க. பாதை ரயில் கம்பெனி சொத்து, அத்துமீறல் கேஸ் ஆயிடும். விசாவுல இருக்கறவங்க ரெண்டு தடவை யோசிங்க.