வலி பகையன்று, மடமையே பகை!

“தொழுநோயாளியின் விரல் தானே அழுகி உதிர்கிறது, முற்பிறப்புத் தீவினையின் பயன் அது” என்று இன்றும் கூசாமற் கூறுவார் உளர். படித்தவரும் அவருள் அடங்குவர் என்பதே நாம் நாணத்தக்கது. அக்கூற்று முழுப் பொய்! தோலின் இயல்பை அறிந்தார்க்கு இது விளங்கும்.

உணர்வு நரம்பணுக்கள் தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சுகளில் உறைகின்றன. அவற்றினின்று நீளும் இழைகளின் நுனிகள் தோலெங்கும் பரவியுள்ளன. தொடுகையை அறியும் நுனிகளுட் பல சிற்றுறைகளுள் அடங்கியவை; சூட்டையும் வலியையும் அறிவன உறையற்றவை. அந்நுனிகளில் நுண்ணிய வாயில்கள் உள. சூடு ஏறத்தாழ 43 செல்சியசுப் பாகையைக் கடந்தால் ஒருவகை வாயில் திறக்கும்; மின்னேற்றத் துகள்கள் உட்புகும்; மின்துடிப்பு எழுந்து தண்டுவடத்திற்கு ஓடும். மூளை வலியை அறியுமுன்னரே கை பின்னிழுத்துக்கொள்ளும். மிளகாயின் காரமும் அதே வாயிலைத் திறப்பதாலன்றோ நா எரிகிறது என்கிறோம்! இவ்வாயிலை 1997-இல் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞர் டேவிட் சூலியசும் அவர் குழுவினரும். அழுத்தத்தால் திறக்கும் வாயில்களை 2010-இல் வெளிப்படுத்தியவர் ஆர்தெம் பட்டப்பூத்தியன் குழுவினர். அவ்விருவர்க்கும் 2021-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இக்காவலைத்தான் தொழுநோய் சிதைக்கிறது. நார்வே மருத்துவர் ஆன்சன் 1873-இல் கண்ட நுண்ணுயிரி, நரம்பிழைகளைப் பொதிந்து காக்கும் உயிரணுக்களுட் புகுந்து வாழ்கிறது. நரம்பு நைகிறது, சூடும் தொடுகையும் வலியும் மறைகின்றன. நோயாளி உலைப்பானையை வெறுங்கையாற் பற்றுகிறார், கை பின்வாங்கவில்லை. காலில் ஆணி தைத்தும் நாள்முழுதும் நடக்கிறார். புண்மேற் புண், சீழ் எலும்பையும் அரிக்கிறது, விரல் குறுகுகிறது.

1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரலை அழிப்பது வலியுணராமையே என்பதை நம் மண்ணிலேயே ஆய்ந்து காட்டினார். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். புண்படாது காக்கும் காலணிகளும் செய்வித்தார்.

பழவினை பேசுவோரே, விடை கூறுங்கள்! ஊழே விரலைத் தின்றதெனின், காலணி எவ்வாறு காலைக் காத்தது? தீவினையே நோயெனின், உலக நலவாழ்வு அமைப்பு 1981-இல் பரிந்துரைத்த கூட்டுமருந்தை ஆறு திங்களோ பன்னிரு திங்களோ உண்டதும் அவ்வினை எங்கே ஓடிற்று?

இம்மடமை சட்டத்திலும் குடிகொண்டிருந்தது. நோயுற்ற ஏழையரை அடைத்துவைக்க ஆங்கிலர் 1898-இல் இயற்றிய சட்டம், இந்திய நடுவணரசின் ஏட்டினின்று 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்கிற்குக் காரணமாக்கிய விதிகள் 2019-இல்தான் ஒழிந்தன. ஏட்டில் ஒழிந்தது நெஞ்சில் ஒழிந்ததா?

அன்பர்களே! வெளிறியோ சிவந்தோ உணர்வற்றிருக்கும் தேமலைக் கண்டால் மறைக்காதீர். அரசு மருத்துவமனைக்கு விரைந்து செல்லுங்கள். மருந்து விலையின்றிக் கிடைக்கும். மாண்ட நரம்பு மீள்வது அரிது. ஆதலின் காலந்தாழ்த்தல் கேடு. நோயாளியின் தோல் உணர்விழந்ததற்கு நுண்ணுயிரி காரணம். அவரைத் தெருவில் ஒதுக்கும் நம் நெஞ்சம் உணர்விழந்ததற்கு யார் காரணம்?