மோட்டார் புதுசு, வள்ளம் பழசு

மதுரையில் குடித்தனம் பண்ணுகிறவளுக்கு வள்ளத்தைப் பற்றி என்ன எழுத்து என்று பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தாள். நியாயம்தான். அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட்டால்தான் நமக்கு வைகையில் தண்ணீர். ஆனால் எனக்குப் பிறந்த வீடு மண்டபம் பக்கம். அப்பா பலகை வள்ளத்தில் பாய் விரித்துப் போனவர். தம்பி இன்றும் அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போய்ப் பிழைக்கிறான். சென்ற மாதம் அவன் வந்து கேட்ட கேள்வியில் என் கழுத்துச் சங்கிலி சம்பந்தப்பட்டிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன், சகோதரிகளே.

“அக்கா, ஃபைபர் வள்ளம் ஒண்ணு விலைக்கு வருது. வள்ளம் கொஞ்சம் பழசு. ஆனா மோட்டார் வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல. ஒண்ணே முக்கால் லட்சம் சொல்றாங்க. உன் சங்கிலியைக் கொடுத்தா அடகு வச்சுட்டு ஒரு வருஷத்துல திருப்பித் தந்துடுவேன்.”

என் வீட்டுக்காரர் சிம்மக்கல் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்ப்பவர். மோட்டார் புதுசு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “மோட்டார்தானே உயிரு, மாப்பிள்ளே! உடம்புக்குப் பெயிண்ட் அடிச்சுக்கலாம்” என்றார். ஆறு வருஷத்துக்கு முன் இப்படித்தான் பழைய கிரைண்டர் ஒன்றைப் புது மோட்டார் என்று வாங்கி வந்தார். பாத்திரத்தின் அடியில் கசிந்த தண்ணீர் சொட்டிச் சொட்டி, எட்டாம் மாதம் அந்தப் புது மோட்டாரே புகைந்தது. அதை ஞாபகப்படுத்தினேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். ஊரில் படகு கட்டும் ஓடாவி ஒருவர், அப்பா காலத்து மனுஷர், அவரையும் கூட்டிக்கொண்டோம். வள்ளம் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வந்ததாம். அப்போது நிவாரணமாகக் கரை முழுக்க ஃபைபர் வள்ளங்கள் வந்து இறங்கின. நன்றாகக் கட்டியதும் உண்டு, அவசரத்தில் பிசினைச் சன்னமாக இழுவியதும் உண்டு. பெரியவர் மோட்டார் பக்கமே திரும்பவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தால் அணியம் தொட்டு அமரம் வரை தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் ‘டங்’கென்று கேட்டது. அடிப்பக்கத்தில் நாலைந்து இடத்தில் பொத்துப் பொத்தென்று, அழுகின பூசணியைத் தட்டின மாதிரி. உள்ளே அடுக்கு விட்டுப்போச்சு, தண்ணி குடிச்சிருக்கு என்றார். அதனால்தான் ஆறு பேர் தூக்க வேண்டியதைப் பத்துப் பேர் தூக்கினார்கள்.

பிறகு அமரத்துப் பலகை. மோட்டாரை மாட்டும் இடம் அதுதான். மேலே ஃபைபர் மூடியிருந்தாலும் உள்ளே பிளைவுட். மோட்டாரின் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினார். பலகையும் கூடவே அசைந்தது! ஒரு போல்ட்டைக் கழற்றச் சொன்னார். துவாரத்திலிருந்து டீத் தண்ணீர் நிறத்தில் வடிந்தது. “மோட்டாரு தள்ளுற தள்ளு பூரா இந்தப் பலகை மேலதாம்மா. நடுக்கடல்ல இது பிஞ்சா மோட்டாரும் சேர்ந்துதான் தண்ணிக்குள்ள போகும்” என்றார். என் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை.

பலகையை மாற்றி அடுக்குப் போடலாமே என்றான் தம்பி. போடலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு கூட்ட வேண்டாமா? இன்னொன்று: ஃபைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி உடம்பெல்லாம் அரிக்கும், இருமலும் வரும். வீட்டு முற்றத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மோட்டாரைச் சும்மா சொல்லக்கூடாது, நல்ல மோட்டார். நாங்கள் போனபோது தொட்டால் சில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு, ‘பார், ஒரே இழுப்பில் எடுக்கிறது’ என்று காட்டுகிறவர்களும் உண்டு. இது நிஜமாகவே இரண்டாம் இழுப்பில் எடுத்தது. குளிர்விக்கும் தண்ணீர் பக்கத்துத் துவாரத்தில் தாரையாகப் பீச்சியது. கியர் ஆயிலைச் சொட்டு விட்டுப் பார்த்தார் இவர். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தமாம். வெளுக்கவில்லை. கடலுக்குப் போய் வந்த மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற ஊரில் அதை யார் செய்வார்கள் என்று எனக்குச் சந்தேகம். அந்த வீட்டு அம்மாளைத் தனியாகக் கேட்டேன். “தினம் ரெண்டு குடம் அதுக்கே போயிரும்க்கா” என்று அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பைக் கேட்டதும் எனக்கு மோட்டார் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மோட்டாருக்கு நம்பரோடு பில் இருந்தது. வள்ளத்தின் மீன்வளத் துறைப் பதிவு மட்டும் இன்னும் முந்தின சொந்தக்காரர் பெயரிலேயே இருந்தது. 1983ஆம் வருஷச் சட்டப்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவு வேண்டும். மானிய எண்ணெய்க்கும் அதைத்தான் கேட்பார்கள். பெயர் மாற்றாமல் பணம் கொடுத்துவிட்டு அலைவது யார்?

“மோட்டாருக்குன்னா சங்கிலி தர்றேன், இந்த வள்ளத்துக்குத் தரமாட்டேன்” என்றேன். தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொந்த வள்ளம் என்று ஆசைப்பட்டவன் அல்லவா! விற்கிறவரோ சேர்த்துத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

நாலாம் நாள் தம்பி பெண்சாதி போன் பண்ணினாள். “மதினி, நீங்க வேண்டாம்னதுதான் எனக்கு நிம்மதி. அவுக கடலுக்குப் போயிட்டா நான்ல முழிச்சுக்கிட்டுக் கிடக்கணும்” என்றாள். அடுத்த வாரம் விற்கிறவரும் இறங்கி வந்தார். மோட்டார் மட்டும் எண்பதாயிரம். எங்கள் சித்தப்பா மகனிடம் கெட்டியான வள்ளம் இருக்கிறது, மோட்டார்தான் போய்விட்டது. பெரியவர் அதையும் நாணயத்தால் தட்டிப் பார்த்தார். இப்போது இருவரும் பாதிப் பாதி பங்கு. பங்கு விவரத்தைப் பத்திரத்தாளில் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன், தம்பியானாலும் சித்தப்பா மகனானாலும்.

சங்கிலி அடகில் இருக்கிறது. ரசீதை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். முதல் மாத வட்டியைத் தம்பி கட்டிவிட்டான், கூடவே ஒரு பை கருவாடும் வந்தது.